வென்ற வீரரை மீண்டும் நீதிமன்றத்துக்கு இழுக்காதீர்கள்

2013 ஜனவரியில் ஜம்மு-காஷ்மீர் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டை ஒட்டி ரோந்து போன, நாயக் பதவியிலிருந்த ஒரு படைவீரர், கொடுங்குளிரில் மூச்சு முட்டி உயிர்விட்டார். போர்க்கள இழப்பு என்றுதான் அவரது மரணம் முதலில் பதிவானது. பின்னர் அது உடல்நலக் கோளாறால் நேர்ந்த இழப்பு என்று மாற்றப்பட்டது. போர்க்களத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு உரிய கூடுதல் ஓய்வூதியம் அவருடைய மனைவிக்குக் கிடைக்காமல் போனது. அவர் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டார். 2019 ஆகஸ்டில் வென்றார். ஒன்றிய அரசு விடவில்லை, உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு சென்றது. 2024 டிசம்பர் 3 அன்று நீதிபதிகள் அபய் ஓகா, அகஸ்டின் ஜார்ஜ் மசீ அமர்வு அதைத் தள்ளுபடி செய்தது. பணியில் உயிர்நீத்தவரின் மனைவியை உச்ச நீதிமன்றம் வரை இழுத்திருக்கவே கூடாது என்று கண்டித்து, அவருக்கு 50,000 ரூபாய் வழக்குச் செலவும் தரச் சொன்னது.

கணவர் இறந்து கிட்டத்தட்ட 12 ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பு இது. இது ஏதோ ஓர் அலுவலகத்தின் தனித் தவறு என்றால் தலையங்கம் எழுத வேண்டியதில்லை. ஊனமுற்றும் நோயுற்றும் படையிலிருந்து வீடு திரும்புகிறவர்களிடம் பாதுகாப்பு அமைச்சகம் ஆண்டுக்கணக்கில் நடந்துகொள்ளும் விதமே இதுதான். தீர்ப்பாயத்தில் வென்ற வீரருக்கு எதிராக, மருத்துவக் காரணத்தை மட்டும் வைத்துத் தொடுக்கப்பட்டுள்ள எல்லா மேல்முறையீடுகளையும் அரசு திரும்பப் பெற வேண்டும். கொடிநாள் உண்டியலில் நாம் போடும் பணத்தைவிட, வீரவணக்கச் சுவரொட்டிகளைவிட, இந்த ஒரு முடிவுதான் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு உண்மையான ஆதரவு.

ஊனமுற்றோர் ஓய்வூதியம் எப்படி மறுக்கப்படுகிறது என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். சிப்பாயாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் 15 முதல் 20 ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, நாற்பது வயதை ஒட்டி வெளியே வருகிறார்கள். வெளியேறுமுன் அவர்களை ஒரு மெடிக்கல் போர்டு பரிசோதிக்கும். அதன் படிவத்தில் நோயின் பெயர், அது தொடங்கிய இடம், தேதி, ஊனத்தின் சதவீதம் எல்லாம் இருக்கும். கூடவே இரண்டு கேள்விகள்: இந்த நோய் இராணுவப் பணியால் வந்ததா? பணியால் மோசமானதா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. சில மாதங்களில் ஊருக்கு ஓர் ஆங்கிலக் கடிதம் வரும். அதைப் படித்துச் சொல்ல ஆள் தேட வேண்டும். முதல் முறையீடு, இரண்டாம் முறையீடு, பிறகு தீர்ப்பாயம். தமிழ்நாட்டு வீரர் என்றால் சென்னைக் கிளைக்கு வர வேண்டும். இராமநாதபுரத்திலிருந்தோ தேனியிலிருந்தோ டிஸ்சார்ஜ் புக்கையும் மருத்துவச் சீட்டுகளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் இரவுப் பேருந்து ஏற வேண்டும். எதிர்த்தரப்பில் அரசு வழக்கறிஞர். அவருக்குக் கட்டணம் நம் வரிப்பணம்.

சட்டம் குழப்பமாக இருந்தால் அரசு வழக்காடுவதில் ஒரு நியாயம் இருக்கும். சட்டத்தில் குழப்பம் இல்லை. தரம்வீர் சிங் வழக்கை எடுத்துக்கொள்வோம். 1985இல் சிக்னல்ஸ் படைப்பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்தவர் அவர். சேரும்போது எந்த நோயும் இல்லை என்று மருத்துவர்களே சான்று தந்தார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1994இல், வலிப்பு நோய், 20% ஊனம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று எழுதி ஓய்வூதியத்தை மறுத்தார்கள். உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில்தான் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பணியில் சேரும்போது குறிக்கப்படாத நோய், பிறகு வந்தால் அது பணியால் வந்ததாகவே கருதப்பட வேண்டும். இல்லை என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பு அரசுக்கே. மெடிக்கல் போர்டு வெறுமனே ‘இல்லை’ என்று எழுதாமல் காரணம் சொல்ல வேண்டும். சந்தேகத்தின் பலன் வீரருக்கு. இதைவிடத் தெளிவாக ஒரு நீதிமன்றம் எப்படிச் சொல்லும்?

அடுத்த ஆண்டே, 2014 டிசம்பரில், ராம் அவதார் வழக்கில் ஊனச் சதவீதத்தை மேல்நோக்கிச் சரிசெய்யும் சலுகை, இடையில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டுமல்ல, பணிக்காலம் முடித்தவர்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசின் மேல்முறையீடுகளை மொத்தமாகத் தள்ளியது. 2015இல் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் அமைத்த நிபுணர் குழுவும், இத்தகைய மேல்முறையீடுகளைக் கைவிட வேண்டும் என்றே பரிந்துரைத்தது. வெளியார் யாரும் அல்ல, அமைச்சரே அமைத்த குழு சொன்னது இது. ஆனாலும் வழக்குகள் நிற்கவில்லை. தீர்ப்பாய உத்தரவுகளை உயர் நீதிமன்றத்திலும் எதிர்க்கலாம் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வீரர்களுக்கும் உதவும் வாசல் அது. அந்த வாசல் வழியாக அமைச்சகமே கூட்டம் கூட்டமாக மனுக்களைக் கொண்டுபோய்க் குவித்தது. போர்முனையில் அல்லாமல் அமைதிப் பகுதியில் இருந்தபோது வந்த நோய் என்பதாலேயே ஓய்வூதியத்தை மறுக்க முடியாது, வாழ்க்கைமுறை நோய் என்று ஒரு முத்திரை குத்தினால் போதாது என்று 2025இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த மனுக்களை நிராகரித்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் சொன்னதை மறுபடி சொல்ல வேண்டிய நிலை நீதிமன்றங்களுக்கு.

இத்தனைக்கும் எவ்வளவு பணத்துக்காக இந்த வழக்கு? முழு ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30%. ஊனம் 50% என்றால் அதில் பாதி. 40,000 ரூபாய் சம்பளத்தில் ஓய்வுபெற்ற ஒரு ஹவில்தாருக்கு மாதம் 6,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும். அந்தப் பணம் மருந்துக் கடைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போகும் பணம். அதை நிறுத்த, டெல்லியில் மூத்த வழக்கறிஞர்கள் வாதாடுகிறார்கள். வீரர் தாமதமாக நீதிமன்றம் வந்தால், மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்றாண்டு நிலுவையோடு நின்றுவிடும் என்பதே 2008 முதல் நீதிமன்றங்கள் பெரும்பாலும் பின்பற்றிவந்த நிலை. கடிதம் புரியாமல், வழி தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு அந்த ஆண்டுகள் போனது போனதுதான்.

அரசுத் தரப்பில் ஒரு வாதம் உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. ஓய்வுபெறும் அதிகாரிகளில் ஊனமுற்றோர் ஓய்வூதியம் பெறுவோரின் விகிதம் சிப்பாய்களிடையே உள்ளதைவிட மிக அதிகம், வாழ்க்கைமுறை நோய்களைக் காட்டிப் பலர் பெறுகிறார்கள் என்று தலைமைத் தணிக்கையாளரின் 2023 அறிக்கை சுட்டிக்காட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் அரசு விதிகளைக் கடுமையாக்கியதும் இந்த அடிப்படையில்தான். ஏமாற்றுகிறவர் இருந்தால் பிடிக்கட்டும். தகுதியற்றவருக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும் தகுதியுள்ளவரின் பெயரைக் கெடுக்கிறது. ஆனால் அதைப் பிடிக்க வேண்டிய இடம் மெடிக்கல் போர்டின் மேசை. அந்த மருத்துவர்கள் அரசின் மருத்துவர்கள். அந்தப் படிவம் அரசின் படிவம். அங்கே ஒழுங்காகக் காரணம் எழுதாமல் விட்டுவிட்டு, பத்தாண்டு கழித்து உச்ச நீதிமன்ற வாசலில் காவல் நிற்பது யாரைத் தடுக்கும்? செல்வாக்குள்ள அதிகாரியைத் தடுக்காது. வக்கீல் வைக்க வழியில்லாத சிப்பாயைத்தான் தடுக்கும்.

2016 பிப்ரவரியில் சியாச்சினில், சுமார் 19,600 அடி உயரத்தில், 19ஆம் மதராஸ் படைப்பிரிவைச் சேர்ந்த பத்துப் பேர் பனிச்சரிவில் புதைந்தார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டவர். ஊரே திரண்டு அழுதது, அழ வேண்டியதுதான். அதே உயரத்தில், அதே குளிரில் முறை வைத்துக் காவல் காத்துவிட்டு உயிரோடு திரும்பியவர்களும் இருக்கிறார்கள். மெல்லிய காற்றில் கெட்டியான இரத்தமும், உறைபனி தின்ற விரல்களும், பீரங்கிச் சத்தத்தில் போன காதும் அவர்களோடுதான் ஊருக்கு வருகின்றன. வீட்டுக்கு வீடு படைக்கு ஆள் அனுப்பும் வேலூர் மாவட்டக் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்ற ஊர்களில், ‘மிலிட்டரிக்காரரு, பென்ஷன் வருது, கேண்டீன் இருக்கு, அவருக்கென்ன குறை’ என்பதோடு நம் விசாரிப்பு முடிந்துவிடுகிறது. அவர் இரவில் தூங்குகிறாரா என்று யாரும் கேட்பதில்லை.

மாநில அரசு சும்மா இருக்கவில்லை. முன்னாள் படைவீரர்கள் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை கடனும் அதில் 30% மூலதன மானியமும் தரும் ‘காக்கும் கரங்கள்’ திட்டம் நல்ல திட்டம். முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ வழியாகப் பலர் காவலர் வேலையில் இருக்கிறார்கள். ஆனால் ஓய்வூதிய வழக்கில் தனியாக நிற்பவருக்குக் கடன் உதவாது, வக்கீல்தான் உதவுவார். படைவீரர் நல அலுவலகங்களிலேயே இலவச சட்ட உதவி மையங்கள் அமைக்கும் திட்டத்தைத் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2025 ஜூலையில் தொடங்கியது. ஒவ்வொரு மாவட்ட அலுவலகத்திலும் வாரத்தில் குறித்த நாளில் ஒரு வழக்கறிஞர் உட்கார்ந்திருப்பதையும், மறுப்புக் கடிதத்தைத் தமிழில் விளக்கிச் சொல்வதையும் தமிழக அரசு உறுதிசெய்ய வேண்டும். செலவு அதிகம் பிடிக்கும் வேலை அல்ல இது.

மேல்முறையீடுகள் பற்றிய முடிவு டெல்லியில்தான் எடுக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களும் கட்சி பார்க்காமல் கேட்கக்கூடிய கேள்வி: ஊனமுற்ற வீரர்களுக்கும் விதவைகளுக்கும் எதிராக அமைச்சகத்தின் எத்தனை மனுக்கள் நிலுவையில் உள்ளன, அவற்றுக்கான வழக்குச் செலவு எவ்வளவு, பாரிக்கர் குழுவின் பரிந்துரை ஏன் இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை? பாதுகாப்பு அமைச்சர் எழுத்தில் பதில் தரட்டும்.

இதை அவசரமாகக் கேட்க இன்னொரு காரணமும் உண்டு. அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த முதல் அணியின் நான்காண்டுப் பணிக்காலம் 2026 இறுதியிலிருந்து முடிவடைகிறது. அவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் படையில் தொடர முடியாது. வெளியே வருகிறவர்களுக்கு மாத ஓய்வூதியம் இல்லை. பணியால் ஊனமுற்ற அக்னிவீரருக்கு, ஊனத்தின் அளவைப் பொறுத்து 15, 25, 44 லட்சம் ரூபாய் ஒருமுறை கருணைத்தொகை என்கிறது திட்டம். அந்த ஊனம் பணியால் வந்ததா இல்லையா என்பதை அவர்களுக்கும் மெடிக்கல் போர்டுதான் எழுதப்போகிறது. இருபத்துச் சொச்சம் வயதில், ஓய்வூதியமும் இல்லாமல், கையில் ஒரு மறுப்புக் கடிதத்தோடு ஊர் திரும்பும் பையன் எந்த நீதிமன்றத்தில் எத்தனை ஆண்டுகள் நிற்பான்? அவன் வருமுன் விதி மாற வேண்டும்; பழைய வழக்குகள் அதற்கும் முன்னால் முடிய வேண்டும்.