வேலி தாண்டாத குற்றவாளி

கனடாவில் வாழும் பழைய பத்திரிகை நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் என்னைக் கடிந்துகொண்டார். என் சொல்லைக் கேட்டு லெனார்ட் வுல்ஃபின் ‘த வில்லேஜ் இன் த ஜங்கிள்’ நாவலை வாங்கினாராம். "குற்ற நாவல் என்று சொன்னீர். பாதிப் புத்தகம் தாண்டியும் சேனை, வரட்சி, கடன், வரி என்றே போகிறது. கொலை எங்கே ஐயா?" என்பது அவருடைய முறைப்பாடு. ராஜேஷ்குமாரை ஒரே பேருந்துப் பயணத்தில் வாசித்து முடித்துப் பழகியவர் அவர். நானும் அப்படிப் பழகியவன்தான், அதில் குறையில்லை. ஆனால் அந்தக் கேள்வி வன்னியில் பிறந்து வளர்ந்த ஒருவரிடமிருந்து வந்ததைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

வுல்ஃப் 1904 இல் இலங்கைக்கு வந்து, முதலில் யாழ்ப்பாணக் கச்சேரியில் பணியாற்றியவர். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தார். நீதவானாக அமர்ந்து தண்டனை விதித்ததும் அவரே. நாடு திரும்பிப் பதவியைத் துறந்தபின் 1913 இல் வெளியிட்ட நாவல் இது. கதையின் நாயகன் சிலிந்து ஒரு வேட்டைக்காரன். காடும் தன் இரு பெண்பிள்ளைகளும் அன்றி வேறெதுவும் அறியாதவன். அவனுக்குச் சேனை வெட்ட அனுமதி மறுக்கப்படுகிறது. வரி கட்ட வழியற்றுப் போகிறான். கடன் ஏறுகிறது. பிறகு அவன்மீதும் மருமகன்மீதும் பொய்யான திருட்டு வழக்கு. மருமகன் சிறைக்குப் போகிறான். அதற்குப் பின்னரே சிலிந்து துப்பாக்கியை எடுத்து ஊர்த் தலைவனையும் கடன் கொடுத்த வியாபாரியையும் சுட்டுவிட்டு, தானே போய்ச் சரணடைகிறான்.

கொலை பிந்தி வருகிறது என்பதுதான் நண்பரின் மனக்குறை. குற்றம் முதற்பக்கத்திலேயே தொடங்கிவிட்டது என்பேன் நான். அனுமதிப் பத்திரம் மறுக்கப்பட்ட நாளே குற்றம் நடந்த நாள். யார் செய்த குற்றம் என்பதைத்தான் ஆசிரியர் அவசரப்படாமல் விசாரிக்கிறார்.

விரைவு நாவலுக்கு ஒரு வசதி உண்டு. அதில் சட்டம் கல்லைப்போல் ஓரிடத்தில் நிற்கும்; மனிதன்தான் நகர்ந்து அதைத் தாண்டுவான். தாண்டிய கணத்தைப் பிடித்துவிட்டால் கதை முடிந்தது. வன்னியில் நடந்தது நேர்மாறானது. மனிதன் தன் காணியில் நின்றான்; கல் நகர்ந்து வந்தது.

இதை உவமையாக மட்டும் சொல்லவில்லை. பயிரிடப்படாத நிலமும் காடும் மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்று 1840 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அனுமானித்தது. காடுகள் பற்றிய கட்டளைச் சட்டம் 1907 இல் வந்தது. வுல்ஃப் அம்பாந்தோட்டைக்குப் போனது அதற்கு அடுத்த ஆண்டு. அதே சட்டம், பல திருத்தங்களோடு, வன்னி விவசாயியின் வாசலுக்கும் வந்தது. 2009 இல் முள்ளிவாய்க்கால்வரை ஓடி, மெனிக் பாம் முகாமில் அடைபட்டு, ஊர் திரும்பியவன் கண்டது என்ன? ஆளில்லாத ஆண்டுகளில் வயலில் காடு ஏறியிருந்தது. அந்தக் காட்டுக்கு வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் வந்தது. பெர்மிட் பத்திரமோ இடப்பெயர்வில் எங்கோ தொலைந்துவிட்டது. அவன் கத்தியை எடுத்துத் தன் காணியைத் துப்புரவாக்கினான். அவ்வளவுதான், சட்டத்தை மீறியவன் ஆனான்.

அதற்கு முந்திய காலத்தையும் மறந்துவிட வேண்டாம். 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பற்றரி, சீமெந்து, எரிபொருள், உரம் எல்லாம் தடைப்பொருட்கள். வானொலிக்காக இரண்டு பற்றரிகளை மடியில் கட்டிக்கொண்டு வவுனியாவைத் தாண்ட நினைத்த ஆசிரியர் கடத்தல்காரர் ஆனார். தாண்டாதவர் துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டார். 2002 சித்திரையில் ஏ9 வீதி திறக்கப்பட்டபோது அதே பற்றரி கடையில் பகிரங்கமாகத் தொங்கியது. மனிதரும் மாறவில்லை, பற்றரியும் மாறவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பாதி உண்மையாகிவிடும். 1990களில் வன்னியில் தமிழீழக் காவல்துறையும் தமிழீழ நீதிமன்றங்களும் இயங்கின. வரி கட்டவேண்டும், வெளியேறப் பாஸ் எடுக்கவேண்டும், இறுதிப் போரில் பிள்ளையை ஒளித்து வைத்ததும் குற்றமாயிற்று. இந்தப் பக்கத்துக்குக் கட்டிய வரி அந்தப் பக்கத்தில் பயங்கரவாதத்துக்கு உதவி; அந்தப் பக்கத்துக்குச் சொன்ன பதில் இந்தப் பக்கத்தில் துரோகம். ஒரே மனிதன், ஒரே நாளில், இரண்டு சட்டங்களை மீறாமல் உயிர்வாழ முடியாதிருந்தது. இதைவிடப் பெரிய குற்ற நாவலுக்கு வேறென்ன கரு வேண்டும்?

ஆயினும் நம் எழுத்துக்களில் நான் பெரும்பாலும் காண்பவர்கள் மாவீரரும் துரோகியும் பாதிக்கப்பட்டவருமே. சிறு குற்றவாளிக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. இரவில் உழவியந்திரத்தில் ஆற்று மணல் ஏற்றுகிறவனும் முதிரை மரத்தைக் களவாகத் தறிக்கிறவனும் நம்மவர்கள்தாம். அவர்களும் ஒருநாளில் அப்படி ஆகிவிடவில்லை. அவர்களை எழுதினால் இனத்துக்கு இழுக்கு என்கிறார்கள். எனக்கு இந்த வாதத்தில் துளியும் உடன்பாடில்லை. வுல்ஃப் சிலிந்துவைப் புனிதனாக்கவில்லை. நாவலில் அவனுக்கு மரண தண்டனையே விதிக்கப்படுகிறது. பிற்பாடுதான் இருபதாண்டுச் சிறையாகக் குறைக்கப்படுகிறது. கொலை கொலைதான் என்பதில் ஆசிரியருக்கு ஐயமில்லை. ஆனாலும் அவன் அங்கே வந்து சேர்ந்த வழியின் ஒவ்வொரு அடியையும் நம்மை நடக்க வைக்கிறார். தண்டனை எழுதிய கையே இந்த நாவலையும் எழுதியது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

ஏனெனில் என் கை அதைச் செய்யவில்லை. போர் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின் வன்னியின் ஒரு நீதிமன்ற வளவில் செய்திக்காக நின்றிருந்தேன். காடழித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட முதியவர் ஒருவர், வழக்கு முடிந்து தண்டப்பணத்துக்கான பற்றுச்சீட்டை மடித்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தபடி வெளியே வந்தார். என் கையிலிருந்த குறிப்புப் புத்தகத்தைக் கண்டு அருகே வந்தார்.

"தம்பி, நான் எந்தக் காட்டை வெட்டினதாம்?"

அந்தக் காணியில் தன் தகப்பன் வைத்த பலாமரம் இன்னும் நிற்கிறது என்றார். காட்டில் யாராவது பலா வைப்பார்களா என்றும் கேட்டார். அன்று மாலை நான் அனுப்பிய செய்தி மூன்று வரி. தலைப்பு ‘சட்டவிரோதமாகக் காடழித்தவருக்குத் தண்டம்’. பலாமரம் அதில் இல்லை. இடம் போதாதென்று நானே விட்டுவிட்டேன்.

நண்பரிடம் இதைச் சொன்னேன். தொலைபேசியின் மறுமுனையில் சற்று நேரம் ஓசையில்லை. பிறகு, அவர்களுடைய ஒட்டுசுட்டான் காணியில் நின்ற மாமரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். புத்தகத்தைப் பற்றி நாங்கள் மேலும் பேசவில்லை.