முப்பது செக்கன் கொக்கி குமார்

வாள்வெட்டுச் செய்தி ஒன்று வந்துவிட்டால், பொலிஸார் ஆளைப் பிடிப்பதற்கு முன்னரே யாழ்ப்பாணத்தில் நாம் ஒருவரைப் பிடித்துவிடுகிறோம்: சினிமா. கொக்குவில், மானிப்பாய், சுன்னாகம் என்று ஊர்ப்பெயர் மாறும், தீர்ப்பு மாறாது. ரவுடியைக் கதைநாயகனாக்கும் இருண்ட படங்களால்தான் பெடியள் கெட்டார்கள், அவற்றைத் தடைசெய்தால் பாதிப் பிரச்சினை தீரும் என்கிறார்கள். அப்படி ஒரு வழக்கு நடந்தால் முதலாம் எதிரியாக நிறுத்துவதற்குத் தோதான படம் செல்வராகவனின் 'புதுப்பேட்டை'. தனுஷ் நடித்த கொக்கி குமார் என்ற பாத்திரத்தின் பெயர் படத்தைப் பார்க்காதவர்களுக்கும் தெரியும். அந்தப் படத்தின் தரப்பில் நின்று ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதை முதலிலிருந்து முடிவுவரை இருந்து பார்க்கிறவனுக்கு வாளைத் தொடும் ஆசை பெரும்பாலும் வராது. ஆபத்து, அதிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டுக் கைபேசியில் சுற்றும் துண்டுகளில்தான் இருக்கிறது.

படம் உண்மையில் எதைக் காட்டுகிறது? பள்ளிக்கூடம் போகும் ஒரு பையன். தாயைத் தகப்பன் கொன்றுவிடுகிறான். தானும் செத்துப்போவேன் என்ற பயத்தில் ஓடி, தெருவில் பிச்சை எடுக்கிறான். ரவுடிக் கூட்டத்தோடு சேர்த்துப் பொலிஸ் தவறாக அள்ளிக்கொண்டு போக, அங்கே சோறு போடுகிறவர்களோடு ஒட்டிக்கொள்கிறான். முதல் கொலையைத் துணிச்சலில் செய்யவில்லை, செத்துவிடுவேன் என்ற நடுக்கத்தில் செய்கிறான். அதற்குப் பிறகுதான் சரிவு. வாழ்த்துவதற்காக அழைக்கப்பட்ட கலியாண வீட்டில், கூட்டாளியின் தங்கைக்குப் பலவந்தமாகத் தானே தாலி கட்டுகிறான். கடைசியில், பிறந்த பிள்ளையைக் காப்பாற்ற வேறு வழி தெரியாமல் குப்பைத்தொட்டியில் விட்டுவிட்டு ஓடுகிறான். அந்த இடத்தில் தியேட்டரில் எவனும் விசிலடிக்க முடியாது. இதே குமார்தான் பின்னர் அமைச்சராகிறான் என்று படம் முடிகிறபோது சொல்லப்படுகிறது. அது அவனுக்குக் கிடைத்த பரிசு என்று எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. அவனுக்கு வாக்குப் போட்ட ஊர்மீது வைத்த குற்றச்சாட்டாகவே எனக்குப் படுகிறது.

இப்போது இதிலிருந்து முப்பது செக்கனை வெட்டுங்கள். தாய் செத்தது போய்விடும், பிச்சை போய்விடும், குப்பைத்தொட்டியும் போய்விடும். மிஞ்சுவது கத்தியோடு வரும் ஒருவனும் யுவன்சங்கர் ராஜாவின் இசையும். படம் வந்தது 2006 மே மாதத்தில்; அதே ஆண்டு ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கான ஏ-9 பாதை மூடப்பட்டது. இன்று இருபது வயதை எட்டுகிற இளைஞன் அப்போது தொட்டிலில் கிடந்தவன். அவனுக்குக் கொக்கி குமார் அறிமுகமாவது ரிக்ரொக்கில், அந்த முப்பது செக்கனாகத்தான். 2018 பெப்ரவரியில் சென்னைக்கு அருகே ஒரு ரவுடி அரிவாளால் கேக் வெட்டிப் பிறந்தநாள் கொண்டாட, வந்திருந்த எழுபதுக்கு மேற்பட்டவர்களைப் பொலிஸ் சுற்றிவளைத்துப் பிடித்தது. யாழ்ப்பாணத்திலும் வாளால் கேக் வெட்டி, அதைத் தாங்களே படமெடுத்துப் போட்டு, அந்தக் காணொளியாலேயே அகப்பட்டவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் போலச் செய்தது ஒரு மனிதனின் வீழ்ச்சியை அல்ல, ஒரு நிற்கிற நிலையை, ஒரு பார்வையை. வீழ்ச்சியைப் போலச் செய்ய யாருக்கு ஆசை வரும்?

முழுதாகப் பார்த்தாலும் வன்முறையின் விலையைக் காட்டாத படங்கள் வேறு வகை. 2023இல் வந்த 'ஜெயிலர்' படத்தில் ரஜினி ஒருவனின் தலையை வாளால் சீவுகிறார். அதற்குப் பின்னணி இசை முழங்குகிறது. இந்தியாவில் பெற்றோருடன் பிள்ளைகளும் பார்க்கலாம் என்ற சான்றிதழோடு வந்த படம் அது. இங்கும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். வெட்டியவர் நல்லவர் என்பதால் நமக்கு அது வன்முறையாகவே தெரியவில்லை. கெட்டவனின் கதையைக் கெட்டவனின் கதையாகவே சொல்கிற படம்தான் நம்மை நெளியவைக்கிறது.

நெளியவைக்கும் கதைகள் இந்த மண்ணுக்குப் புதியவையல்ல. காத்தவராயன் கூத்தில் காத்தவராயன் பாத்திரத்தை ஆள்மாறி ஆள்மாறிப் பலர் ஆடுவார்கள். குழப்படியும் வீம்பும் ஆரியமாலை மீதான மோகமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, கழுமரத்தில்தான் கதை போய் நிற்கும். பாதியில் எழும்பிப் போகிறவனுக்கு வெறும் சண்டியனைப் பார்த்த திருப்தி. விடியும்வரை இருந்தவனுக்குக் கழுமரமும் சேர்த்து. 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மேடையேற்றிய 'இராவணேசன்' இராவணனை அவலநாயகனாகவே நிறுத்தியது, சி. மௌனகுரு அதில் இராவணனாக ஆடினார். இராவணன் செய்தது சரி என்று அதைப் பார்த்து யாரும் வீடு திரும்பியதாகத் தெரியவில்லை. 

இதற்கெல்லாம் ஒரு கனமான மறுப்பு உண்டு. வெட்டுப்பட்டுக் கை இழந்தவனிடமோ பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடமோ போய், வெட்டியவனின் இளமைத் துயரத்தைப் பார் என்று சொல்ல முடியுமா? முடியாது, சொல்லவும் கூடாது. ஒருவன் எப்படி அந்த இடத்துக்கு வந்தான் என்று அறிவது நீதிமன்றத்தில் அவன் தண்டனையைக் குறைக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அடுத்தவன் அதே வழியில் வராமல் மறிக்க நினைப்பவருக்கு அந்த வழி தெரிந்திருக்க வேண்டும். கேமரா தனுஷை விரும்புகிறது, இசை அவரைத் தூக்கிவிடுகிறது என்ற குறையையும் நான் மறுக்கவில்லை. எழுச்சியைக் காட்டும் பகுதிகளில் இயக்குநரே கொஞ்சம் மயங்கிப்போகிறார்.

தடைசெய் என்பவர்களுக்கு வெளியுலகில் ஓர் அனுபவம் இருக்கிறது. 2019இல் 'ஜோக்கர்' வந்தபோது அமெரிக்காவில் பெரும் பீதி. 2012இல் பேட்மேன் படக் காட்சி ஒன்றில் 12 பேர் சுட்டுக்கொல்லப்பட்ட அவுரோரா நகரத் தியேட்டர் இந்தப் படத்தைத் திரையிடவேயில்லை. அஞ்சியபடி பெரிய தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. படத்தில் கதைநாயகன் ஆர்தருக்குச் சமூக சேவைப் பணியாளரோடு இருந்த சந்திப்புகள் நிதிவெட்டினால் நின்றுபோகின்றன. இனி மருந்துக்கு எங்கே போவது என்று கேட்கிறான். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு அவன் படிக்கட்டில் ஆடிய ஆட்டத்தைத்தான் உலகம் துண்டாக்கிக்கொண்டது. நமது கதையும் அவ்வளவு சுலபமானதல்ல. 2016இல் 'ஆவா' என்ற வாள்வெட்டுக் குழுவின் பெயர் அடிபட்டபோது, அது பாதுகாப்புத் தரப்பு உருவாக்கிய குழு என்று அமைச்சர் ஒருவரே பகிரங்கமாகச் சொன்னார், மறுப்பும் வந்தது. கடல் வழியாக வரும் கஞ்சா இருக்கிறது, வேலையின்மை இருக்கிறது, போர் தின்ற குடும்பங்கள் இருக்கின்றன. இத்தனையையும் தாண்டி ஒரு படத்தில் போய்க் கைவைப்பது, கைவைக்கச் சுலபமான இடம் என்பதால்தான்.

தணிக்கை கேட்கும் நேரத்தில் செய்யக்கூடிய வேலை வேறு இருக்கிறது. நாடகமும் அரங்கியலும் நமது பாடசாலைகளில் சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் பாடம். யாழ்ப்பாணத்தில் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது. உயர்தர மாணவர்களோடு இப்படியொரு படத்தை முழுதாகப் பார்த்துப் பேச ஓர் ஆசிரியரால் முடியும். பெற்றோர் என்ன சொல்வார்களோ என்ற பயம்தான் தடை. பேசினால் படத்தின் பெரிய ஓட்டையும் வெளியே வரும். தாலி கட்டப்பட்ட அந்தப் பெண்ணுக்கு அதன்பின் மனதில் என்ன நடந்தது என்று 'புதுப்பேட்டை' பெரிதாகக் கேட்பதில்லை. வாள்வெட்டு நடந்த ஒரு வீட்டின் உள்ளேயிருந்து, வெட்டுப்பட்டவர் பக்கம் நின்று தொடங்கும் படத்தை இங்கே குறும்படம் எடுக்கும் இளைஞர்களில் ஒருவர் எடுக்கலாம். அதற்குச் சென்னைத் தயாரிப்பாளர் எவரையும் காத்திருக்கத் தேவையில்லை.