வீட்டுக் கடனை சீக்கிரம் அடைக்கணுமா? எக்ஸெல் ஷீட்டை மூடிட்டு முதல்ல வீட்ல பேசுங்க



வீட்டுக் கடன் வாங்கி ரெண்டு மூணு வருஷம் ஆனதும் நிறைய பேருக்கு ஒரு ஞானோதயம் வரும். லோன் ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பார்ப்பாங்க. மாசம் தவறாம இஎம்ஐ கட்டியிருப்பாங்க, ஆனா அசல் அசைஞ்சே இருக்காது. அன்னிக்கு ராத்திரியே ஒரு எக்ஸெல் ஷீட் போட்டு, ‘பத்து வருஷத்துல முடிச்சுக் காட்டறேன்’னு சபதம் எடுப்பாங்க. ஆறு மாசம் கழிச்சு அந்த ஷீட் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னே தெரியாது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். கடனை சீக்கிரம் அடைக்கிறது நல்ல முடிவு. ஆனா அந்தத் திட்டத்தை வீட்ல ஒருத்தர் தனியா போட்டு மத்தவங்க மேல சுமத்தினா அது நிக்காது. அப்படியே நின்னாலும், அதுக்கான விலையை மனைவியோ ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவோ சத்தமில்லாம கொடுத்துட்டு இருப்பாங்க. பட்ஜெட்ங்கிறது வீட்ல எல்லாரும் சேர்ந்து போட வேண்டிய ஒப்பந்தம்.

முதல்ல கணக்கைப் பார்த்திடுவோம்

40 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம்னு வச்சுக்கோங்க. இஎம்ஐ சுமார் 34,713 ரூபாய் வரும். முதல் மாச இஎம்ஐயில 28,333 ரூபாய் வட்டிக்கே போயிடும். அசல்ல கழியறது வெறும் 6,380 ரூபாய். 20 வருஷமும் கட்டினா மொத்த வட்டி மட்டும் 43 லட்சத்துக்கு மேல.

இதை விட அதிர்ச்சியான விஷயம் ஒண்ணு இருக்கு. சரியா 10 வருஷம், அதாவது பாதி காலம் கட்டி முடிச்ச அன்னிக்கு பாக்கி எவ்வளவு இருக்கும்? 20 லட்சம்னு நினைப்பீங்க. கிட்டத்தட்ட 28 லட்சம் இருக்கும். அதுவரை நீங்க கட்டினது 41 லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

இப்போ இதே கடனை மூணு விதமா வேகப்படுத்திப் பார்க்கலாம்.

- முதல் மாசத்துல இருந்து 5,000 ரூபாய் கூடுதலா கட்டினா, 14 வருஷம் 9 மாசத்துல முடியும். வட்டியில சுமார் 13 லட்சம் மிச்சம்.
- வருஷத்துக்கு ஒரே ஒரு இஎம்ஐ கூடுதலா, போனஸ் வரும்போது கட்டினா, 16 வருஷம் 8 மாசம். 8 லட்சத்துக்கு மேல மிச்சம்.
- சம்பளம் ஏற ஏற, வருஷா வருஷம் இஎம்ஐயை 5 சதவீதம் ஏத்திக்கிட்டே போனா, 12 வருஷத்தோட இன்னும் சில மாசம். அவ்வளவுதான்.

இன்னொண்ணு, எப்போ கட்டறோம்ங்கிறது ரொம்ப முக்கியம். முதல் மாசமே ஒரு லட்சம் கூடுதலா கட்டினா வட்டியில மிச்சமாகிறது சுமார் 4.2 லட்சம். அதே ஒரு லட்சத்தை 10 வருஷம் கழிச்சுக் கட்டினா மிச்சம் சுமார் 1.3 லட்சம்தான். அதனால ‘சம்பளம் நல்லா ஏறட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்’ங்கிற பேச்சு வேண்டாம்.

ஆனா இந்த லட்சக் கணக்கைப் பார்த்து மயங்கவும் கூடாது. ப்ரீபேமென்ட்ல உங்களுக்குக் கிடைக்கிற வருமானம் உங்க கடனோட வட்டி விகிதம்தான், அதாவது இங்க 8.5 சதவீதம். அதுக்கு மேல மந்திரம் ஒண்ணும் இல்ல. ஆனா அது உறுதியான 8.5. எஃப்டி வட்டிக்கு வரி உண்டு, மிச்சமான வட்டிக்கு வரி கிடையாது.

‘எஸ்ஐபி போட்டா 12 சதவீதம் வருமே?’

வரலாம். வராமலும் போகலாம். நீண்ட காலத்துல ஈக்விட்டி நல்ல பலன் கொடுக்கும்னு நானும் நம்பறேன், அதனாலதான் எஸ்ஐபியை நிறுத்திட்டு கடன் அடைங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா ‘ப்ரீபேமென்ட் பண்றவன் முட்டாள்’ங்கிற பேச்சுல ஒரு ஓட்டை இருக்கு. அந்த வாதம் பண்றவங்கள்ல எத்தனை பேர் ப்ரீபேமென்ட் பண்ணாத அந்த 5,000 ரூபாயை மாசம் தவறாம 15 வருஷம் முதலீடு பண்றாங்க? பாதி பேர் வீட்ல அது ஃபுட் டெலிவரி ஆப்லயும் ஆடித் தள்ளுபடியிலயும் கரைஞ்சு போகுது. ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் பண்ணுங்க. எது எவ்வளவுங்கிறதை உங்க தூக்கமும் உங்க துணையோட தூக்கமும் முடிவு பண்ணட்டும்.

வரிச் சலுகைக்காக கடனை வச்சுக்கலாம்ங்கிற வாதமும் இப்போ பலவீனமாயிடுச்சு. புதிய வரி முறையில, நீங்க குடியிருக்கிற வீட்டோட கடன் வட்டிக்குக் கழிவே கிடையாது. பழைய முறையிலயும் 2 லட்சம் வரைக்கும்தான். நம்ம உதாரணத்துல முதல் வருஷ வட்டி சுமார் 3.37 லட்சம். மீதி 1.37 லட்சத்துக்கு எந்த வரிச் சலுகையும் இல்ல.

ஒரு குடும்ப பட்ஜெட்

சென்னையில ஒரு ஜோடி. அவருக்கு கையில வர்றது 72,000, அவங்களுக்கு 48,000. மொத்தம் 1,20,000. ஸ்கூல் போற ஒரு பிள்ளை. பட்ஜெட் இப்படி இருக்கலாம்:

- இஎம்ஐ: 35,000
- மளிகை, பால், காய்கறி, காஸ், கரண்ட், நெட்: 28,000
- ஸ்கூல் ஃபீஸ், மாசக் கணக்குல: 10,000
- ரெண்டு பக்க அப்பா அம்மாவுக்கும்: 10,000
- பெட்ரோல், பயணம்: 7,000
- டேர்ம், ஹெல்த், வண்டி இன்சூரன்ஸ், மாசக் கணக்குல: 5,000
- மொய், சீர், பண்டிகை, ஊருக்குப் போற செலவு: 6,000
- ஆளுக்கு 3,000 ‘கேள்வி கேட்காத காசு’: 6,000
- எஸ்ஐபி: 8,000
- கூடுதல் கடன் அடைப்பு: 5,000

கூட்டிப் பாருங்க, சரியா 1,20,000 வரும். இதுல மூணு வரியை கவனிங்க.

ஒண்ணு, மொய்யும் சீரும். இதை ‘எதிர்பாராத செலவு’ன்னு சொல்றவங்களைப் பார்த்தா எனக்குச் சிரிப்பு வரும். தை, வைகாசி, ஆவணி வருஷா வருஷம் வருது. பத்திரிகையும் வரும். காதுகுத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசம்னு எல்லாமே எதிர்பார்த்த செலவுதான். அதுக்குன்னு தனி அக்கவுன்ட்ல மாசம் ஒரு தொகை போட்டு வைங்க. இல்லன்னா அது நேரா ப்ரீபேமென்ட் காசுலதான் கை வைக்கும்.

ரெண்டு, அப்பா அம்மாவுக்கு அனுப்பற பணம். கடன் சீக்கிரம் முடியணும்னு ஆரம்பிச்ச உடனே முதல்ல வெட்டு விழறது இங்கதான், ஏன்னா அவங்க கேட்க மாட்டாங்க. ‘எங்களுக்கு என்னப்பா செலவு, நீ கடனைப் பாரு’ன்னு சொல்லிடுவாங்க. அதைக் கேட்டு நிம்மதியாகிடாதீங்க. மாத்திரைக்கு என்ன ஆகுது, ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கான்னு கேட்டுட்டு அந்த வரியை பூட்டி வைங்க. பட்ஜெட்ல இது ப்ரீபேமென்ட்டுக்கு மேலதான் இருக்கணும்.

மூணு, கேள்வி கேட்காத காசு. ரெண்டு பேருக்கும் சம்பளம் வேற வேறயா இருந்தாலும் இந்தத் தொகை சமமா இருக்கணும். சம்பாதிக்காம வீட்டைப் பார்த்துக்கிறவங்களா இருந்தாலும் அதே தொகைதான். ஒரு சுடிதாருக்கும் ஒரு டீ-க்கும் கணக்கு ஒப்பிக்க வேண்டிய வீட்ல எந்த பட்ஜெட்டும் ஒரு வருஷம் தாண்டாது.

யாரும் பேசாத ஒரு விஷயம்

சிஏவா இருக்கிறதால நிறைய வீட்டுக் கணக்குகளைப் பார்க்கிறேன். அடிக்கடி கண்ணுல படற ஒரு ஏற்பாடு இது: கணவர் சம்பளத்துல இஎம்ஐ, மனைவி சம்பளத்துல மளிகை, ஃபீஸ், வேலைக்காரம்மா, பெட்ரோல் எல்லாம். வசதிக்காகப் பண்ணது, யாருக்கும் கெட்ட எண்ணம் இல்ல. ஆனா 15 வருஷம் கழிச்சு என்ன ஆகும்? பத்திரம் அவர் பேர்ல, லோன் அவர் பேர்ல, கட்டின ஸ்டேட்மென்ட்டும் அவர் அக்கவுன்ட்ல. அவங்க சம்பாதிச்சது எல்லாம் சாப்பாடா மாறிப் போச்சு. காகிதத்துல அவங்க அந்த வீட்டுக்கு ஒரு ரூபாய்கூட கொடுக்கலை.

கடனை வேகமா அடைக்கணும்னு முடிவெடுக்கும்போது இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் வேகமா வளரும். அதனால இதை முதல்லயே சரி பண்ணுங்க.

இன்னும் வீடு வாங்காதவங்க, பத்திரத்துலயும் லோன்லயும் ரெண்டு பேர் பேரையும் போடுங்க. பழைய வரி முறையில இருந்தா, கூட்டு உரிமையாளராவும் கூட்டுக் கடனாளியாவும் இருந்து கடனைக் கட்டறவங்களுக்கு தனித்தனியா 2 லட்சம் வரை கழிவு கிடைக்கும். லோன்ல மட்டும் மனைவி பேர் இருந்து பத்திரத்துல இல்லன்னா, பொறுப்பு மட்டும் இருக்கு, உரிமை இல்ல. அந்தக் கையெழுத்தைப் போடறதுக்கு முன்னாடி யோசிங்க.

ஏற்கனவே ஒரு பேர்ல வாங்கியாச்சா? செலவுகளை மாத்திப் பிரிச்சுக்கோங்க. மளிகையும் ஃபீஸும் ரெண்டு பேர் சம்பளத்துலயும் விகிதப்படி போகட்டும். மேல சொன்ன ஜோடியில அது 60:40. அவங்க சம்பளத்துல மிச்சமாகிறதை அவங்க பேர்ல முதலீடு பண்ணட்டும். அவங்க சொந்த சம்பளத்துல இருந்து போடற முதலீடுங்கிறதால அதோட வருமானம் அவங்க கணக்குலதான் வரும். கணவர் தன் பணத்தை மனைவிக்குக் கொடுத்து முதலீடு பண்ணினா அந்த வருமானம் கணவர் கணக்குல சேர்த்து வரி போடப்படும். இந்த வித்தியாசம் முக்கியம்.

இது கணவன் மனைவிக்குள்ள சந்தேகத்தைக் கிளப்பற பேச்சுன்னு சிலர் சொல்லுவாங்க. எனக்கு அப்படித் தோணலை. தெளிவான கணக்கு இருக்கிற வீட்லதான் சந்தேகத்துக்கு இடமே இல்ல.

ப்ரீபேமென்ட்டுக்கு முன்னாடி

இந்த வரிசையை மாத்தாதீங்க. முதல்ல கிரெடிட் கார்டு பாக்கி, பர்சனல் லோன் ரெண்டையும் முடிங்க, ஏன்னா அதோட வட்டி வீட்டுக் கடனை விட ரொம்ப அதிகம். அடுத்து, இஎம்ஐயையும் சேர்த்து ஆறு மாசச் செலவு கையில இருக்கணும். அடுத்து, கடன் தொகையையாவது ஈடுகட்டற டேர்ம் இன்சூரன்ஸ், குடும்பத்துக்கு ஹெல்த் இன்சூரன்ஸ். இதெல்லாம் முடிச்ச பிறகுதான் கூடுதல் அடைப்பு.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, கையில இருக்கிற மொத்தப் பணத்தையும் கடன்ல கொட்டிட்டு, அடுத்த மாசம் ஆஸ்பத்திரிச் செலவுக்கு நகையை அடகு வைக்கிற குடும்பங்கள் இருக்கு. வீட்டுக் கடன்ல கட்டின பணத்தை பேங்க்ல போய் திருப்பிக் கேட்க முடியாது. அந்த நகையும் பெரும்பாலும் அம்மாவோடதோ மனைவியோடதோதான். பிஎஃப் பணத்தை எடுத்து அடைக்கிறதும் வேண்டாம். 2024-25-க்கு பிஎஃப் வட்டி 8.25 சதவீதம். கிட்டத்தட்ட கடன் வட்டிக்குச் சமமா சம்பாதிக்கிற ஓய்வுக்காலப் பணத்தை ஏன் தொடணும்?

குழந்தைக்குத் திட்டமிடற ஜோடியா இருந்தா, இப்பவே மூணு மாசம் ஒரே சம்பளத்துல குடும்பம் நடத்திப் பாருங்க. முடியலைன்னா, இஎம்ஐயை ஏத்தற வேகத்தைக் குறைச்சு சேமிப்பைக் கூட்டுங்க.

பேங்க்ல என்ன கேட்கணும்

தனிநபர்களோட ஃப்ளோட்டிங் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்க பேங்க் அபராதம் வாங்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2012-லயே சொல்லிடுச்சு. பகுதித் தொகை கட்டும்போது இஎம்ஐ குறையணுமா, காலம் குறையணுமான்னு கேட்பாங்க. வேற நெருக்கடி இல்லன்னா காலத்தைக் குறைங்க. எழுத்துல கொடுங்க, அடுத்த மாச ஸ்டேட்மென்ட்ல சரிபாருங்க.

வட்டி மாறும்போதும் தூங்காதீங்க. வட்டி ஏறும்போது இஎம்ஐயை ஏத்தறதா, காலத்தை நீட்டறதாங்கிற தேர்வை வாடிக்கையாளருக்குக் கொடுக்கணும்னு 2023 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கு. 2025-ல ரெப்போ ரேட் 6.50-ல இருந்து 5.25-க்கு இறங்கிச்சு. உங்க கடன் வட்டி இறங்கியிருக்கான்னு பார்த்தீங்களா? 2019 அக்டோபருக்கு முன்னாடி பேங்க்ல வாங்கின பழைய கடனா இருந்தா, ரெப்போவோட இணைஞ்ச வட்டிக்கு மாத்த முடியுமான்னு கேளுங்க. வட்டி இறங்கினாலும் இஎம்ஐயை இறக்காதீங்க. பைசா கூடுதலா போடாமலே கடன் சீக்கிரம் முடியும்.

கடைசி இஎம்ஐயோட வேலை முடியாது. கடன் முடிஞ்ச 30 நாளுக்குள்ள அசல் பத்திரங்களைத் திருப்பித் தரணும், பேங்க் தரப்புல தாமதமானா நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தரணும்ங்கிறது 2023 டிசம்பர்ல இருந்து விதி. தமிழ்நாட்டுல அடமானம் சார்பதிவாளர் அலுவலகத்துல பதிவாகியிருந்தா, ரசீது ஆவணம் பதிவு பண்ணி, வில்லங்கச் சான்றுல அது ஏறியிருக்கான்னு பார்த்துடுங்க.

மாசத்துல அரை மணி நேரம்

சம்பளம் வந்த பிறகு வர்ற முதல் ஞாயித்துக்கிழமை, அரை மணி நேரம், வீட்ல எல்லாரும். போன மாசம் எது மீறிச்சு, இந்த மாசம் எந்த விசேஷம் வருது, கடன் பாக்கி எவ்வளவு, அவ்வளவுதான் பேச்சு. குற்றப்பத்திரிகை வாசிக்கிற கூட்டமா ஆக்கிடாதீங்க. பத்து வயசுப் பிள்ளையையும் உட்கார வைங்க. ‘இந்த வருஷம் ஏன் டூர் இல்ல’ன்னு அவங்களுக்குப் புரியும், அடுத்த வருஷம் எங்க போகலாம்னு அவங்களே சொல்லுவாங்க. லோன் அக்கவுன்ட் நம்பர், லாகின், இன்சூரன்ஸ் பாலிசி, பத்திர நகல் எங்க இருக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரியணும்.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு கேள்வியோட ஆரம்பிங்க: ‘கடன் முடிய 20 வருஷமா, 15 வருஷமா? 15-னா, அதுக்காக நம்ம ஒவ்வொருத்தரும் எதை விட்டுக்கொடுக்கத் தயார், எதை விட்டுக்கொடுக்க மாட்டோம்?’ பதில் 17-னு வந்தாலும் பரவாயில்ல. எல்லாரும் ஒத்துக்கிட்ட 17, ஒருத்தர் மட்டும் முடிவு பண்ண 12-ஐ விட சீக்கிரம் வரும்.