எந்த இயர்பட்ஸ் வாங்கலாம்னு கேக்கறவங்களுக்கு ஒரு எதிர்க்கேள்வி

பொட்டி தட்டுற வேலையில இருந்தா சொந்தக்காரங்க நடுவுல ஒரு பதவி தானா வந்து ஒட்டிக்கும். எலெக்ட்ரானிக்ஸ் ஆலோசகர். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு :-)

போன வாரம் சித்தப்பா பொண்ணு வாட்ஸப்புல மூணு படம் அனுப்பியிருந்தா. மூணும் வயர் இல்லாத இயர்பட்ஸ். "எது வாங்கலாம்? சீக்கிரம் சொல்லுண்ணா, ஆஃபர் ராத்திரியோட முடியுது." ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில அசெம்பிளி லைன்ல இருக்கா. ஹாஸ்டல் ரூமுக்கு ஆறு பேர். ஷிஃப்ட் முடிஞ்சு மத்தவங்க தூங்கறப்போ அம்மாகிட்ட பேசணும்னா காதுல எதையாவது மாட்டியே ஆகணும். லீவுக்கு ஊத்தங்கரை வர்ற கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் பஸ்ஸுக்கும் அதுதான் துணை.

"போன வருஷம்தானே ஒண்ணு வாங்கின?"

"வலது பக்கம் பத்து நிமிஷத்துல செத்துடுதுண்ணா."

விலை 1,499 ரூபா. வாங்கி 16 மாசம். வாரன்ட்டி 12 மாசம். சர்வீஸ் சென்டர்ல பேட்டரி எல்லாம் மாத்த முடியாதுன்னு சொல்லிட்டு, புதுசு வாங்க ஒரு தள்ளுபடி கூப்பனை கையில திணிச்சு அனுப்பியிருக்காங்க. அடப்பாவிகளா!

சரின்னு நானும் வழக்கம் போல மூணையும் ஒப்பிட உக்காந்தேன். ஒண்ணு 40 மணி நேரம், இன்னொண்ணு 50, மூணாவது 60. அது டப்பாவையும் சேர்த்த கணக்கு, காதுல இருக்கறது நிக்கறது அஞ்சாறு மணி நேரம்தான். ஒண்ணுல 10 எம்.எம். டிரைவர், இன்னொண்ணுல 13. அளவு பெருசுங்கறதுக்காக சத்தம் நல்லா வந்துடாது. அரை மணி நேரம் பாத்ததுக்கப்புறம்தான் உறைச்சுது. இந்த மூணு அட்டைப்பெட்டியிலயும் ஒரே ஒரு விஷயம் மட்டும் எழுதலை. பேட்டரி செத்தா என்ன பண்றது?

செத்தாங்கறது கூட தப்பு. சாகும்போது. அது விதியில்லைங்க, வெறும் கணக்கு. இதுக்குள்ள இருக்கறது நாப்பது, அம்பது மில்லி ஆம்பியர்-மணி ரகத்துல ஒரு குட்டி லித்தியம் செல். போன்ல 5,000 இருக்கும், ஒப்பிட்டுக்கங்க. லித்தியம் செல் பொதுவா 300லருந்து 500 தடவை முழுசா ஏறி இறங்கினா கொள்ளளவு 80 சதவீதம் பக்கம் வந்துடும், அப்புறம் இறக்கம்தான். மலிவு செல்லுன்னா இன்னும் வேகம். தினம் ஒரு முழு சார்ஜ்னு வெச்சுக்கிட்டா 10லருந்து 16 மாசம். வாரன்ட்டி ஏன் ஒரு வருஷத்தோட நிக்குதுன்னு இப்ப புரியுதா?

எங்க ஊர்ல செல்போன் சர்வீஸ் பண்ற அண்ணன் ஒருத்தர் இருக்காரு. டிஸ்ப்ளே மாத்துவாரு, சார்ஜிங் போர்டு மாத்துவாரு, கிணத்துல விழுந்த போனுக்கே உயிர் குடுத்திருக்காரு. அவர்கிட்ட கொண்டு போனேன். பேசாம ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து முன்னாடி வெச்சாரு. உள்ள பூரா ஒத்தை ஒத்தையா இயர்பட்ஸ்.

"பசை போட்டு ஒட்டி வெச்சிருக்கான் தம்பி. தொறந்தாலே உடையுது. தொறந்துட்டாலும் பேட்டரியை சால்டர் பண்ணியிருக்கான், சூடு கொஞ்சம் தப்பினா பேட்டரி உப்பிக்கும். முந்நூறு ரூபா கூலிக்கு எவன் ரிஸ்க் எடுப்பான்?"

எதையும் பிரிச்சு மேயற மனுஷன் கையைக் கட்டிப் போட்டுட்டு, அதுக்குப் பேரு டெக்னாலஜியாம். ஒரு கம்பெனின்னு இல்ல. 2016ல வந்த ஆப்பிள் ஏர்பாட்ஸை பிரிச்சுப் பாத்த ஐஃபிக்ஸிட், பழுது பாக்கற வசதிக்கு 10க்கு 0 போட்டுச்சு. மத்தவங்க பெரும்பாலும் அதே வழியில நடந்துட்டாங்க.

"சின்னப் பொருள் சார், தண்ணி போகக்கூடாது, ஒட்டித்தான் ஆகணும்"னு சப்பைக்கட்டு கட்டுவாங்க. சரி, 2019ல வந்த சாம்சங் கேலக்ஸி பட்ஸ்ல நெம்பித் தொறந்து மாத்தற மாதிரி வட்ட செல் இருந்துச்சே, அது எப்படி? அதுக்கு 10க்கு 6. 2024ல ஐரோப்பாவுல ஃபேர்போன் விட்ட ஃபேர்பட்ஸ்ல பட்ஸ், டப்பா ரெண்டு பேட்டரியையும் நாமளே மாத்தலாம். தூசி, தண்ணித் தெறிப்புக்கு ஐ.பி.54 தரமும் இருக்கு. 10க்கு 10. ஆக, முடியாதுங்கறது பொய். செய்ய மனசில்ல, அவ்ளோதான்.

ஐரோப்பிய யூனியன் 2023லயே பேட்டரி சட்டம் போட்டாச்சு. சில விலக்குகளோட, 2027 பிப்ரவரி 18லருந்து சின்ன சாதனங்கள்ல பேட்டரியை வாங்கினவங்களே கழட்டி மாத்தற மாதிரி இருக்கணும். நம்ம மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2024ல ஒரு குழு போட்டுச்சு, பழுது பாக்கற வசதிக்கு மதிப்பெண் குடுக்க. 2025 மே மாசம் அறிக்கையும் வந்துச்சு. முதல்ல போனும் டேப்லெட்டுமாம். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு குடுத்து வருஷா வருஷம் ஏமாறற இயர்பட்ஸ் அதுல இல்ல.

"ஆயிரத்து ஐந்நூறுதானே, தூக்கிப் போட்டு வேற வாங்கு"ன்னு சொல்ற ஆளுங்களும் இருக்காங்க. லைன்ல எட்டு மணி நேரம் நின்னு சம்பாதிக்கறவளுக்கு அது எத்தனை நாள் கூலின்னு கேட்டுட்டு அப்புறம் பேசுங்க.

தங்கச்சிக்கு போன் பண்ணி, "உன் போன்ல 3.5 எம்.எம். ஓட்டை இருக்கு, முந்நூறு நானூறு ரூபாய்க்கு வயர் இயர்போன் வாங்கு. அதுக்கு சார்ஜே வேணாம், பின்னு போனா சால்டர் வெச்சுக்கலாம்"னேன்.

"எல்லாரும் பட்ஸ் போட்டிருக்காங்க, நான் மட்டும் வயராண்ணா?"

இதுக்கு என்கிட்ட பதில் இல்லைங்க. இருந்தாலும் வாங்கிட்டா. ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு கேள்வி: "பழசை என்ன பண்றது?" பேட்டரி இருக்கறதால குப்பையில போடக்கூடாது. 2023 ஏப்ரல்லருந்து நடைமுறையில இருக்கற மின்கழிவு விதிப்படி அதுக்குப் பொறுப்பு தயாரிப்பாளரோடது. கூப்பன் குடுத்த அதே சென்டர்ல கொண்டு போய் குடு, வாங்க மாட்டேன்னா எழுதித் தரச் சொல்லி கேளுன்னு சொல்லியிருக்கேன். என்ன ஆச்சுன்னு அடுத்த பதிவுல சொல்றேன்.

டிஸ்கி: வயர் இல்லாததே வாங்காதீங்கன்னு சொல்லலை. வேணும்னா வாங்குங்க. ஆனா கடைக்காரர்கிட்ட எத்தனை மணி நேரம் பாடும்னு கேக்கறதுக்கு முன்னாடி, பேட்டரி மாத்தித் தருவீங்களா, எவ்வளவு ஆகும்னு கேளுங்க. நூறு பேர் கேட்டா அந்தக் கேள்வி மேல போகும். ஒருத்தன் கேட்டா லூசுன்னு நினைப்பாங்க. போன வாரம் என்னை அப்படித்தான் பாத்தாங்க :-)