ஓட்டப் பரீட்சை காலைக் காக்காது

இந்திய கிரிக்கெட் வீரர்களுக்கான தேகத்தகுதிப் பரீட்சைகளில் யோ-யோவுக்கும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்துக்கும் அடுத்தபடியாக, ரக்பி ஆட்டத்தில் வழங்கிவரும் பிராங்கோ என்ற ஓட்டமும் சேர்க்கப்படுவதாக 2025 ஆகஸ்டில் செய்தி வந்தது முதல், வேகப்பந்து வீச்சாளர்கள் ஜிம்மிலேயே பொழுதைக் கழிக்கிறார்கள், போதுமான அளவு ஓடுவதில்லை, ஆகையால்தான் அடிக்கடி காயமுற்று அணியைவிட்டு விலகுகிறார்கள் என்ற வாதம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. இருபது மீட்டர் ஓடித் திரும்பி, நாற்பது மீட்டர் ஓடித் திரும்பி, அறுபது மீட்டர் ஓடித் திரும்பி, இவ்விதம் இடையே நிற்காமல் ஐந்து முறை செய்தால் 1,200 மீட்டர் ஆகிறது. அதை ஆறு நிமிஷத்துக்குள் முடிப்பது இலக்கு என்கிறார்கள். வீரர்கள் ஓடவேண்டும் என்ற எண்ணத்தில் குற்றம் இல்லை. எந்த ஓட்டம் எந்தக் காயத்தைத் தடுக்கும் என்ற விசாரணையே இல்லாமல், மூச்சின் பலத்தைச் சோதிக்கும் ஒரு பரீட்சையைக் காலைக் காக்கும் ஔஷதம் போலக் கொண்டாடுவதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 1,200 மீட்டரை ஆறு நிமிஷத்தில் ஓடுகிறவனுடைய சராசரி வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர். எல்லைக்கோட்டை நோக்கி உருளும் பந்தைத் துரத்துகிற பீல்டரும், இரண்டாவது ரன்னுக்காக உயிரைக் கொடுத்து ஓடுகிற மட்டையாளரும் எட்டுகிற வேகம் அதைப்போல இரு மடங்குக்கும் மேல். தொடையின் பின்புறத்தில் இருக்கும் தசை, அதாவது ஆட்டக்காரர்கள் ஹாம்ஸ்ட்ரிங் என்று சொல்லும் தசை, பெரும்பாலும் கிழிவது இந்த உச்ச வேகத்தில்தான். முன்னே வீசப்பட்ட கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முந்திய கணத்தில், இடுப்பு மடங்கி முழங்கால் நீள்கிறது. அப்போது பின்தொடைத் தசை நீண்டுகொண்டே போகும் நிலையில், அதே நேரத்தில் முழு பலத்தோடு காலை இழுத்து நிறுத்தவும் வேண்டியிருக்கிறது. இப்படி நீண்டுகொண்டே பாரம் தாங்கும் சக்தி அதற்கு இல்லையென்றால் அங்கேதான் அது அறுகிறது. மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் எத்தனை முறை திரும்பித் திரும்பி ஓடினாலும், தசையை அந்தக் கணத்துக்கு அது ஆயத்தப்படுத்தாது.

2021 ஜனவரியில் சிட்னியில் நடந்ததை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். ஐந்தாம் நாள் ஒரு விரைவான ரன்னுக்காக ஓடிய ஹனுமா விஹாரிக்குப் பின்தொடைத் தசை கிழிந்தது. முதுகு வலியால் அவதிப்பட்ட அஷ்வினோடு சேர்ந்து, காலை இழுத்து இழுத்து நடந்தபடியே 161 பந்துகளை எதிர்கொண்டு, ஆட்டமிழக்காமல் 23 ரன்னோடு நின்று அந்த டெஸ்டை அவர் காப்பாற்றினார். அந்த வீரத்தைப் பாராட்டாத பத்திரிகை இல்லை. ஆனால் அந்தத் தசை ஏன் கிழிந்தது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? அதற்கு முந்திய மெல்போர்ன் டெஸ்டிலேயே உமேஷ் யாதவ் கெண்டைக்கால் தசைக் காயத்தால் விலகியிருந்தார். காயமுற்றோர் பட்டியல் நீண்டுகொண்டே போனதனால்தான் பிரிஸ்பேனில் நம் நடராஜனுக்கும் வாஷிங்டன் சுந்தருக்கும் முதல் டெஸ்ட் வாய்ப்புக் கிட்டியது என்பதில் நமக்குச் சந்தோஷம் உண்டு என்றாலும், அந்தச் சந்தோஷம் விஷயத்தின் வேரை மறைத்துவிடக் கூடாது. யோ-யோ பரீட்சை 2017-லேயே வந்துவிட்டது. அது காலைக் காக்கும் வல்லமை உடையதென்றால் விஹாரி சிட்னியில் நொண்டியிருக்க வேண்டியதில்லை. 2024 ஜனவரியில் ஹைதராபாத் டெஸ்டில் ஒரு ரன்னுக்கு ஓடி ஆட்டமிழந்த ஜடேஜாவும் அதே தசையைப் பிடித்துக்கொண்டு வெளியேறி, அடுத்த டெஸ்டை இழந்திருக்க வேண்டியதில்லை.

மாற்று வழி இருக்கிறதா என்றால், தாராளமாக இருக்கிறது. அது நிரூபிக்கப்பட்டுப் பல வருஷங்கள் ஆகின்றன. டென்மார்க்கில் தொழில்முறை அணிகளும் அமெச்சூர் அணிகளுமாக ஐம்பது கால்பந்து அணிகளைச் சேர்ந்த 942 ஆட்டக்காரர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வழக்கமான பயிற்சியோடு நார்டிக் என்ற பின்தொடை அப்பியாசத்தை மட்டும் பத்து வாரம் கொடுத்து, பிறகு வாரம் ஒரு முறை தொடரச் செய்தார்கள். முடிவு 2011-ல் வெளியாயிற்று. அப்பியாசம் செய்யாத பிரிவில் பின்தொடைக் காயம் 52. செய்த பிரிவில் 15. இந்த இரண்டு எண்களையும் ஒவ்வொரு விளையாட்டுச் சங்கத்தின் அலுவலகச் சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பேன். ஒரு முறை காயமுற்று மீண்டவர்களுக்கு அதே காயம் மறுபடி வருவது இன்னும் அதிகமாகவே குறைந்திருந்தது. காயம் ஆறித் திரும்பிய வீரன் இரண்டாவது வாரத்திலேயே மறுபடி தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அந்த அப்பியாசத்துக்கு யந்திரமும் தேவையில்லை, பணமும் தேவையில்லை. ஒரு ஜமுக்காளம் விரித்து மண்டியிட்டு நிமிர்ந்திருக்க வேண்டும்; தோழன் ஒருவன் பின்னால் உட்கார்ந்து கணுக்கால்கள் இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். முழங்காலிலிருந்து தலை வரை உடலை நேராக வைத்தபடியே, விழுவதைத் தொடையின் பின்தசையாலேயே தடுத்துத் தடுத்து, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முன்னே சாய்ந்து, முடியாத கட்டத்தில் கைகளை ஊன்றிக்கொள்ள வேண்டும். முதல் வாரம் ஒரே ஒரு நாள், ஐந்தைந்தாக இரண்டு முறை போதும். படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போகலாம். ஆரம்ப நாட்களில் தசை நோகும் என்பது உண்மை. அந்த நோவுக்குப் பயந்தே பலர் இரண்டாம் வாரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

மகா கோடீஸ்வரக் கால்பந்துக் கழகங்களும் அப்படித்தான் விட்டுவிட்டன. ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் அணிகளும் நார்வேயின் முதல்நிலை அணிகளுமாக ஐம்பது கழகங்களை விசாரித்து 2015-ல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், இந்த முறையை உருப்படியாகக் கைக்கொள்ளாதவை நூற்றுக்கு 83 என்று தெரியவந்தது. அதற்குரிய பலனும் கிடைத்தது: ஐரோப்பிய உயர்நிலைக் கால்பந்தில் மொத்தக் காயங்களில் பின்தொடைக் காயத்தின் பங்கு 2001-02-ல் நூற்றுக்கு 12 ஆக இருந்தது, 2021-22-ல் 24 ஆகிவிட்டது. பணத்தாலும் நிபுணர்களாலும் குறைவில்லாத இடத்தில் நேர்ந்த இந்தச் சீரழிவுக்குச் சிரத்தையின்மையைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

அப்பியாசத்தோடு இன்னொன்றும் வேண்டும்: வாரத்தில் ஓரிரு நாள், நன்றாக உடல் சூடேறிய பிறகு, போதிய ஓய்வு இடையிட்டு, சில முறையாவது முழு வேகத்தில் நேராக ஓடவேண்டும். அயர்லாந்தின் கேலிக் கால்பந்து வீரர்களைக் கொண்டு செய்த ஆராய்ச்சியில், தொடர்ந்து பயிற்சி பெற்று உச்ச வேகத்தை அளவோடு தொட்டு வந்தவர்களுக்குக் காயம் குறைந்திருந்தது. பயிற்சியில் ஒருபோதும் உச்ச வேகத்தை அறியாத தசை, ஆட்டத்தில் திடீரென்று அதைச் சந்திக்கும்போது அறுவதில் ஆச்சரியம் என்ன?

கபில்தேவ் இதையெல்லாம் செய்தாரா, 131 டெஸ்டுகள் ஆடி, காயத்தின் பொருட்டு ஒரு டெஸ்டையாவது தவறவிட்டாரா என்று கேட்கிறவர்கள் உண்டு. கபில்தேவ் கோடியில் ஒருவர். கோடியில் ஒருவருடைய தேகவாகைக் காட்டி மற்றவர்களுக்குப் பயிற்சித் திட்டம் வகுப்பது அறியாமை. நொந்துபோன வீரனைச் சோம்பேறி என்றும், பரீட்சையில் தேறாதவனை ஒழுக்கமற்றவன் என்றும் முத்திரை குத்துவது அதனினும் கொடுமை. 2018-ல் அம்பத்தி ராயுடு இங்கிலாந்துத் தொடருக்குத் தேர்வாகியும் யோ-யோவில் தேறாததால் வாய்ப்பை இழந்தார். ஓர் எண்ணைத் தொட்டுவிட்டால் தகுதி, தொடாவிட்டால் தள்ளுபடி என்கிற நிர்வாகம், அந்த எண்ணுக்கும் தொடைத் தசைக்கும் என்ன சம்பந்தம் என்பதை விளக்கக் கடமைப்பட்டிருக்கிறது. இன்றுவரை விளக்கவில்லை.

மேலே நடப்பதுதான் கீழேயும் நடக்கும். நம் மாவட்ட மைதானங்களுக்குக் காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். வந்தவுடன் மைதானத்தைச் சுற்றி மூன்று ரவுண்டு. ஒரு காலைத் தூக்கிப் பின்னால் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பது. அவ்வளவுதான், ஆட்டம் ஆரம்பம். தாமதமாக வந்தவனுக்குத் தண்டனை இன்னும் ஐந்து ரவுண்டு. ஓட்டம் என்பது அங்கே கற்றுக்கொடுக்கப்படும் வித்தையாக இல்லை. ஒன்று தண்டனை, இல்லையென்றால் சடங்கு. பாதம் எங்கே இறங்குகிறது, திரும்பும்போது முழங்கால் உள்ளே மடிகிறதா, குதித்து இறங்கும்போது எப்படி இறங்குகிறார்கள் என்பதைக் கவனித்துத் திருத்துகிற பயிற்சியாளர் ஒருவர் இருந்தால் அது அந்த ஊரின் பாக்கியம்.

பெண் குழந்தைகளின் விஷயம் இன்னும் அவசரமானது. முழங்காலின் குறுக்குத் தசைநார் அறுவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் என்பது யாவரும் அறிந்தது. நார்வேயில் பதின்மூன்று முதல் பதினேழு வயது வரையிலான 1,892 கால்பந்துச் சிறுமிகளைக் கொண்டு செய்து 2008-ல் வெளியான ஆராய்ச்சியில், இன்று ஃபிஃபா 11+ என்று வழங்கும் இருபது நிமிஷ ஆயத்தப் பயிற்சியைப் பெற்ற அணிகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், கடுங்காயங்கள் ஏறத்தாழப் பாதியும் குறைந்தன. மெதுவோட்டம், நார்டிக், ஒற்றைக்காலில் நிற்றல், குதித்து இறங்குதல், வேகமாக ஓடித் திசை மாறுதல் ஆகிய எல்லாம் அதில் அடங்கும். தேசிய மகளிர் கால்பந்துப் பட்டத்தை 2018-லும் 2023-லும் வென்று வந்த தமிழ்நாட்டில், இது ஒவ்வொரு பள்ளி அணிக்கும் கட்டாயமாக இருக்க வேண்டாமா?

ஆகவே கிரிக்கெட் வாரியம் பிராங்கோவைக் கைவிட்டு, எந்த வீரன் எந்த வாரத்தில் நார்டிக் அப்பியாசம் செய்தான், எத்தனை முறை முழு வேகத்தில் ஓடினான் என்ற பதிவேட்டைத் தகுதிக்கு அளவுகோலாக வைக்கட்டும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தன் விடுதிகளில் அந்த இருபது நிமிஷப் பயிற்சியை இந்த வருஷமே தொடங்கட்டும். நம் மைதானங்களில் கால் காயம் கணிசமாகக் குறையும் என்பது என் நம்பிக்கை. பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்புகிற பெற்றோர்களும், எத்தனை ரவுண்டு ஓடினாய் என்று பிள்ளையைக் கேட்பதை விட்டு, ஓட என்ன சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று பயிற்சியாளரைக் கேட்க வேண்டும்.