கல்லல் பஸ்ஸுக்கும் கார்டு வரட்டும், பெண்கள்கிட்ட மட்டும் அதைக் கேட்க வேண்டாம்



சென்னையில வேலை பார்க்குற நம்ம ஊர்ப் பசங்க ஒரு கார்டைத் தட்டிட்டு மெட்ரோ கேட்டுக்குள்ள போற ரீல்ஸ் எல்லாரும் பார்த்திருப்பீங்க. அதுதான் சிங்காரச் சென்னை அட்டை. 2023 ஏப்ரல் 14 அன்று சென்னை மெட்ரோவும் பாரத ஸ்டேட் வங்கியும் சேர்ந்து கொண்டுவந்தது. 2025 ஜனவரி 6 முதல் அதே கார்டு மாநகரப் பேருந்துலயும் செல்லுது. கண்டக்டர் கையில இருக்குற டிக்கெட் மிஷின்ல காட்டினா போதும். அதே வருஷம் செப்டம்பர் 22ல அப்ப முதல்வரா இருந்த தளபதி "சென்னை ஒன்" செயலியைத் தொடங்கி வச்சார். பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூணுக்கும் ஒரே கியூஆர் டிக்கெட்.

இந்தப் பதிவுகளை நாம ஷேர் பண்ணும்போதெல்லாம் கீழே ஒரே கேள்விதான் வருது: "எல்லாம் சென்னைக்குத்தானா? எங்க ஊருக்கு எப்ப?" கேட்குறது எதிர்க்கட்சிக்காரன் மட்டும் இல்ல, நம்ம ஆளுங்களும்தான். நியாயமான கேள்வி. பக்கத்துல காரைக்குடி 2024ல மாநகராட்சி ஆயிருச்சு. அங்க படிக்க, மருந்து வாங்க, வேலைக்குன்னு கல்லல் ஒன்றியத்துல இருந்து தினமும் பஸ் ஏறுற ஜனம் எவ்வளவு! அந்த பஸ்ஸுக்கும் கார்டு வரணும், சீக்கிரமே வரணும். ஆனா எப்படி வரணும்னு நாமளே முதல்ல பேசிடணும். அதுல ஒரு விஷயத்துல மட்டும் விட்டுக் கொடுக்கவே கூடாது. அதைப் பின்னால சொல்றேன்.

முதல்ல எதுக்கு கார்டு? சில்லறைக்குத்தான். டவுன் பஸ்ல 100 ரூபாயை நீட்டினா கண்டக்டர் முகம் எப்படி மாறும்னு உங்களுக்கே தெரியும். மீதியை டிக்கெட்டுக்குப் பின்னால எழுதிக் கொடுப்பார். இறங்குற அவசரத்துல நாம மறந்துருவோம், இல்ல அவர் மறந்துருவார். ரெண்டு பேருமே தப்பானவங்க இல்ல, ஆனா தினம் ரெண்டு சண்டை நடக்கும்.

"அதான் யுபிஐ இருக்கே, கார்டு எதுக்கு?"ன்னு சிலர் கேட்கலாம். இங்க கொஞ்சம் டெக்னிக்கலா பேசிக்கிறேன், இன்ஜினியரிங் படிச்ச பாவத்துக்குப் பொறுத்துக்கோங்க. யுபிஐக்கு உங்க போன்ல நெட் வேணும், போன்ல சார்ஜ் வேணும், பேங்க் சர்வர் நல்லா இருக்கணும், பணம் வந்துருச்சுன்னு கண்டக்டர் மிஷினுக்குத் தகவலும் வரணும். இதுல ஒண்ணு தடுக்கினாலும் சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கும். ஓடுற பஸ்ல, கண்மாய்க் கரையில, பொட்டல்ல சிக்னல் போய்ப் போய் வர்ற ரூட்டுல இது தினசரிக் கூத்து.

கார்டு வேலை செய்யுற விதமே வேற. அதுக்குள்ள பேட்டரி கிடையாது. ஓரத்தைச் சுத்தி மெல்லிசான கம்பிச் சுருள் ஒண்ணும் ஒரு சின்ன சிப்பும் இருக்கும். டிக்கெட் மிஷின் 13.56 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கும். கார்டைச் சில சென்டிமீட்டர் தூரத்துக்குள்ள கொண்டு போனா, அந்தப் புலத்துல இருந்தே சிப்புக்குக் கரண்ட் கிடைச்சிரும். ரெண்டும் பேசிக்கும், அரை விநாடிக்குள்ள கதை முடிஞ்சிரும். சிங்காரச் சென்னை அட்டை ரூபே வகை தேசியப் பொதுப் போக்குவரத்து அட்டை. இந்த வகையில பணத்தோட ஒரு பகுதி, 2,000 ரூபாய் வரைக்கும், கார்டு சிப்புக்குள்ளயே பதிஞ்சிருக்கும். அதனால டிக்கெட் எடுக்குற நேரத்துல கார்டுக்கும் நெட் வேண்டாம், மிஷினுக்கும் வேண்டாம். கழிச்ச கணக்கை மிஷின் வச்சிருந்து, அப்புறமா நெட் கிடைக்கும்போது வங்கிக்கு அனுப்பிரும். மொதல்ல சிட்டிக்குன்னு கொண்டுவந்த இந்தத் தொழில்நுட்பம், சிக்னல் இல்லாத நம்ம ரூட்டுக்குத்தான் இன்னும் பொருத்தமா இருக்கும்னு நான் நினைக்கிறேன்.

இதுல ஒரு வில்லங்கமும் இருக்கு. போன்ல ரீசார்ஜ் பண்ணா பணம் உடனே சிப்புக்குள்ள போகாது. நெட் இணைப்பு உள்ள ஒரு மிஷின்ல கார்டை ஒரு தடவை காட்டினாத்தான் ஏறும். சென்னையில மெட்ரோ ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் அந்த வசதி உண்டு. கல்லல்ல எங்க போறது? இதை யோசிக்காம கார்டை மட்டும் கொடுத்தா, முதல் மாசமே ஜனங்க அதைத் தூக்கி பீரோவுல போட்டுருவாங்க. பஸ் ஸ்டாப் பக்கத்துலயே ஒரு இடம் வேணும். இ-சேவை மையமா இருக்கலாம், கூட்டுறவு வங்கியா இருக்கலாம். என்னைக் கேட்டா மகளிர் சுயஉதவிக் குழுகிட்ட கொடுக்கலாம்னு சொல்லுவேன். அவங்களுக்கும் கொஞ்சம் கமிஷன் கிடைக்கும்.

ஜனங்களைக் கேட்காம மாத்தினா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க சிங்கப்பூரைப் பாருங்க. நம்ம பக்கத்துல வீட்டுக்கு ஒருத்தர் அங்க இருக்காங்க, கேட்டுப் பாருங்க. 2024 ஜனவரி 9ல அங்க ஒரு அறிவிப்பு வந்துச்சு: பழைய ஈஸி-லிங்க் கார்டெல்லாம் ஜூன் 1 முதல் செல்லாது, எல்லாரும் சிம்ப்ளிகோவுக்கு மாறணும்னு. புது முறையில கணக்கு சர்வர்ல இருக்கும். அதனால பஸ்ல தட்டும்போது எவ்வளவு கழிஞ்சுது, மீதி எவ்வளவுன்னு திரையில தெரியாது, செயலியிலதான் பார்க்கணும். ஜனங்க, முக்கியமா வயசானவங்க, கொந்தளிச்சுட்டாங்க. ரெண்டே வாரத்துல, ஜனவரி 22ல அரசாங்கம் முடிவை மாத்திக்கிச்சு. பழைய கார்டு முறையைத் தொடர்ந்து நடத்த இன்னும் 4 கோடி சிங்கப்பூர் டாலர் செலவாகும்னு அறிவிச்சாங்க. தொழில்நுட்பத்துல நமக்கு ரொம்ப முன்னால போயிட்ட ஊரு அது. அங்கயே "என் மீதிப் பணம் என் கண்ணுக்குத் தெரியணும்"ங்கிற சாதாரண ஆசையை மிதிச்சுட்டுப் போக முடியல. நம்ம ஊர்ல கார்டு வந்தா, தட்டினதும் மீதி எவ்வளவுன்னு மிஷின் திரையில பெருசா, தமிழ்ல தெரியணும்.

காசும் செல்லணும். லண்டன் பஸ்ல 2014 ஜூலையோட காசு வாங்குறதையே நிறுத்திட்டாங்க. அங்க அது ஒத்து வந்திருக்கலாம், இங்க வராது. கண்டக்டரும் இருக்கணும். கார்டு வந்தா ஆள் குறைப்பாங்களோன்னு தொ.மு.ச. தோழர்கள் பயப்படுறதுல நியாயம் இருக்கு. சென்னையில மாதிரியே கார்டு படிக்கிற மிஷின் கண்டக்டர் கையிலதான் இருக்கணும். படியில ஒரு பெட்டியை மாட்டி வச்சுட்டு அவரை இறக்கி விடக் கூடாது.

இப்ப, விட்டுக் கொடுக்கக் கூடாதுன்னு சொன்னேனே, அந்த விஷயத்துக்கு வர்றேன்.

2021 மே 7. தளபதி முதலமைச்சரா பதவியேற்ற அன்னைக்கே கையெழுத்துப் போட்ட ஐந்து கோப்புகள்ல ஒண்ணு, சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். மறுநாளே நடைமுறைக்கு வந்துச்சு. விடியல் பயணத்தால ஒரு பெண்ணுக்கு மாசம் சராசரியா 888 ரூபாய் மிச்சமாகுதுன்னு மாநிலத் திட்டக் குழுவோட ஆய்வு சொல்லுது. 2025-26 பட்ஜெட்ல இதுக்கு ஒதுக்குனது 3,600 கோடி ரூபாய். இந்தக் கணக்கெல்லாம் நீங்க நூறு தடவை மேடையில கேட்டிருப்பீங்க. அதிகம் பேசாத ஒண்ணை நான் சொல்றேன். இந்தத் திட்டத்துல ஒரு பொண்ணு எதையும் காட்ட வேண்டியதில்லை. ஆதார் வேண்டாம், ரேஷன் கார்டு வேண்டாம், எந்த ஊரு, எந்த மாநிலம்னு சொல்ல வேண்டாம். ஏறி உட்கார்ந்தா கண்டக்டர் கட்டணமில்லா டிக்கெட் கொடுப்பார், அவ்வளவுதான்.

மத்த இடங்களைப் பாருங்க. கர்நாடகத்துல 2023 ஜூன் 11ல சக்தி திட்டம் வந்துச்சு. நல்ல திட்டம், ஆனா அந்த மாநிலத்துப் பெண்ணுன்னு காட்ட அடையாள அட்டை வேணும். டெல்லியில 2019 அக்டோபர்ல இருந்து எந்தப் பெண்ணும் பிங்க் டிக்கெட் வாங்கிட்டுப் போயிட்டிருந்தாங்க. 2025ல வந்த பாஜக அரசு, இனிமே டெல்லியில குடியிருக்குற பெண்களுக்கு மட்டும் "சஹேலி" ஸ்மார்ட் கார்டுன்னு அறிவிச்சுச்சு. பீகார்ல இருந்து வந்து அங்க வீட்டு வேலை செய்யுற பொண்ணு முகவரிச் சான்றுக்கு எங்க போவா? இலவசத்தை ரத்து பண்ணிட்டோம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. கார்டு ஒண்ணை நடுவுல வச்சாலே போதும், பாதிப் பேர் தானா வெளியே நிப்பாங்க.

நம்ம குரூப்லயே ஒரு அண்ணன், நல்ல எண்ணத்தோடதான், கேட்டார்: "பொம்பளைங்களுக்கும் ஒரு இலவசக் கார்டு கொடுத்துட்டா எத்தனை பேர் போறாங்கன்னு கணக்கு சுத்தமா வருமேப்பா?" கணக்கு இப்பவே வருது அண்ணே. கட்டணமில்லா டிக்கெட்டை மிஷின்ல அடிக்கும்போதே எந்த ஸ்டாப், எங்க வரைக்கும்னு பதிவாகிடுது. அரசு போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுக்க வேண்டிய தொகையைக் கணக்குப் போட அது போதும். ஏறினது எந்தப் பெண்ணுன்னு தெரிஞ்சு நமக்கு ஆகப்போறது ஒண்ணும் இல்ல.

கார்டு கட்டாயமாச்சுன்னா என்ன நடக்கும்னு கல்லல்ல நின்னு யோசிச்சுப் பாருங்க. காரைக்குடி ஜி.எச்.சுக்கு மாத்திரை வாங்கப் போற அப்பத்தா கார்டை வீட்டுல வச்சுட்டு வந்துருச்சு. என்ன பண்றது? மஞ்சப் பையைத் தடவிக்கிட்டு நிக்கிற கிழவியை இறங்கச் சொல்லுவாரா கண்டக்டர்? ரேஷன் கடையில கைரேகை விழலைன்னு திரும்பத் திரும்ப விரலைத் துடைச்சு வைக்கிற பெரியவங்களைப் பார்த்திருக்கோம். அதே வரிசையை பஸ் படிக்கட்டுக்கும் கொண்டு வரணுமா?

இன்னொண்ணும் இருக்கு. அந்தக் கார்டு யார் கையில இருக்கும்? எந்த மொபைல் நம்பரோட இணைஞ்சிருக்கும்? பெரும்பாலும் வீட்டுக்காரர் நம்பர்தான். மனைவி எத்தனை மணிக்கு எந்த ஸ்டாப்ல ஏறினாங்கன்னு அவர் போனுக்கு மெசேஜ் வரும். யாருக்கும் பதில் சொல்லாம, யார்கிட்டயும் காசு கேட்காம ஒரு பொண்ணு வெளியே போய் வரணும்னுதான் விடியல் பயணமே. காசைக் கேட்க வேண்டாம்னு ஆக்கிட்டு கார்டைக் கேட்க வச்சா, பெரியார் பேரைச் சொல்லிக்கிட்டு நாம செய்யுற காரியமா அது?

அதனால தெளிவா இருப்போம். காசு கொடுத்துப் போறவங்களுக்கு, விருப்பம் இருந்தா, கார்டு. ஆண்களுக்கு, புறநகர் பஸ்ல கட்டணம் கொடுத்துப் போற பெண்களுக்கு. டவுன் பஸ் பெண்களுக்கும், திருநங்கையருக்கும், இந்தச் சலுகையில சேர்த்த மாற்றுத்திறனாளிகளுக்கும் இப்ப இருக்குற நடைமுறையில கை வைக்கக் கூடாது.

கட்டணம் கட்டுறவங்க கார்டுலயும் விவரம் குறைவாக் கேட்டா நல்லது. பொதுப் போக்குவரத்துக்கு மட்டும் பயன்படுற கார்டுல 3,000 ரூபாய் வரைக்கும் வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு இல்லாமலே கொடுக்கலாம்னு ரிசர்வ் வங்கியே 2024 பிப்ரவரியில அனுமதிச்சிருக்கு. 2019 மார்ச்ல ஒன்றிய அரசு இந்த வகைக் கார்டை "ஒரே நாடு ஒரே கார்டு"ன்னு கோஷம் போட்டு வெளியிட்டுச்சு. கோஷத்தை அவங்களே வச்சுக்கட்டும், வசதியை நாம எடுத்துக்குவோம்.

மாணவர்கள் விஷயமும் உண்டு. ஒவ்வொரு ஜூன்லயும் புது பஸ் பாஸ் கைக்கு வர்ற வரைக்கும் சீருடையையும் பழைய பாஸையும் பார்த்து ஏத்திக்கணும்னு அறிவிப்பு வரும். அப்படியும் சில இடத்துல தகராறு. ஒரே அட்டையைப் படிப்பு முடியுற வரைக்கும் வருஷா வருஷம் புதுப்பிச்சுக்கிற மாதிரி பண்ணினா அந்தத் தகராறே இருக்காது. இங்கயும் அட்டையை மறந்துட்டு வந்த பிள்ளையை இறக்கி விடக் கூடாதுங்கிறது சேர்ந்தே வரணும்.

தனியார் பஸ்ஸும் மினி பஸ்ஸும் இதுல வரலைன்னா பாதி பிரயோஜனம்தான். 1997ல கலைஞர் மினி பஸ் விட்டது பஸ்ஸே போகாத கிராமத்துக்கு. 2025 ஜூன்ல தஞ்சாவூர்ல தளபதி அதைப் புதுசா விரிவாக்கித் தொடங்கி வச்சார். மினி பஸ்ல வந்து இறங்கி, அரசு பஸ்ல மாறி ஏறுறவங்களுக்கு ஒரே கார்டு ரெண்டுலயும் செல்லணும். வங்கிக் கணக்கு எப்படிப் பிரியும், கமிஷன் யார் தருவாங்கன்னு ஓனர்கள் கேட்பாங்க. கேட்கட்டும், உட்கார்ந்து பேசலாம்.

அப்புறம் ஜி.பி.எஸ். உண்மையைச் சொன்னா நம்ம ஊருக்குக் கார்டைவிட இது அவசரம். சென்னையில பஸ் எங்க வருதுன்னு போன்ல தெரியுது. அங்க ஒரு பஸ் போனா பின்னாலேயே இன்னொண்ணு. இங்க ஒண்ணை விட்டா அடுத்ததுக்கு எவ்வளவு நேரம்னு நிக்கிறவங்களுக்குத்தான் தெரியும். காரைக்குடியில இருக்குற சொந்தக்காரனுக்குப் போன் போட்டு "பஸ் கெளம்பிருச்சா மாப்ள?"ன்னு கேட்குறதுதான் நம்ம டிராக்கிங் சிஸ்டம்.

கல்லல் ஒன்றியத்துல உள்ள நம்ம அணித் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. இந்த வாரம் நீங்க போற பஸ்ல எந்தெந்த இடத்துல சிக்னல் போகுது, எங்க திரும்ப வருது, எந்த ஸ்டாப்ல அதிகம் பேர் ஏறுறாங்கன்னு ரூட் நம்பரோட குறிச்சு வைங்க. கிளை வாரியா தொகுத்து ஒன்றியச் செயலாளர்கிட்ட கொடுப்போம். அங்கிருந்து அது கும்பகோணம் கோட்டத்தோட காரைக்குடி மண்டல அலுவலகத்துக்குப் போகட்டும். மனுவோட முதல் வரி இப்படி இருக்கட்டும்: கார்டு வேண்டும், விடியல் பயணத்துக்குக் கார்டு வேண்டாம்.

தகவல் தொழில்நுட்ப அணி
கல்லல் ஒன்றியம், சிவகங்கை மாவட்டம்
#விடியல்பயணம்