10 வருஷம் இங்கிலீஷ் படிச்சும் ஏன் பேச வரல? 40 நிமிட வகுப்பில் என்ன நடக்குது?

பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு ஆங்கிலத் தாளில் ரோடு மேப் கேள்வி ஒன்று வரும். 2 மதிப்பெண். சின்னதாக ஒரு வரைபடத்தைக் கொடுத்து, வழி கேட்பவருக்கு எப்படிப் போகணும்னு எழுதச் சொல்வார்கள். நேராப் போங்க, இடது பக்கம் திரும்புங்க, வலது பக்கம் இருக்கும்... இந்த மூன்று வாக்கியங்களை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்துவிட்டால் எந்த மேப் வந்தாலும் ஒப்பேற்றிவிடலாம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்த பலருக்கும் இது தெரிந்த வித்தை.

அதே மாணவரிடம் பஸ் ஸ்டாண்டில் வெளிமாநிலத்துக்காரர் ஒருவர் வழி கேட்டால்? கையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவரும்தான்.

இது தமிழ்நாட்டில் மட்டும் உள்ள பிரச்சனையும் இல்லை. 2024 ஜனவரியில் வெளியான ஏசர் அறிக்கைக்காக 26 மாநிலங்களின் 28 மாவட்டங்களில், கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயது வரையுள்ள 34,745 பேரைச் சந்தித்தார்கள். ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர்கள் 57.3 சதவீதம். அவர்களிலும் சுமார் நாலில் மூன்று பேருக்குத்தான் அர்த்தம் சொல்ல முடிந்தது. அதாவது 100 பேரில் ஏறக்குறைய 42 பேர்.

மதிப்பெண் எங்கே, பாடம் அங்கே

முன்பு பத்தாம் வகுப்பில் ஆங்கிலம் இரண்டு தாள். 2019-20 முதல் ஒரே தாள், 100 மதிப்பெண். நூறும் எழுத்துத் தேர்வுக்கு. வாய் திறந்து பேசுவதற்கு ஒரு மதிப்பெண் கூட கிடையாது. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் 20 மதிப்பெண் உள்மதிப்பீட்டுக்குள் கேட்டல், பேசுதலுக்கும் கொஞ்சம் இடம் வைத்திருக்கிறார்கள். அது எல்லாப் பள்ளியிலும் ஒழுங்காக நடக்கிறதா என்பது வேற கதை.

மாநிலப் பாடத்திட்டத்தில் கீழ் வகுப்புகளில் வளரறி மதிப்பீடு இருக்கிறது, செயல்பாடுகளுக்கு மதிப்பெண் உண்டு. பத்தாம் வகுப்பில் அந்தக் கதவு மூடிவிடுகிறது. ரிவிஷன் டெஸ்ட், ஸ்பெஷல் கிளாஸ், மெமரி போயம் என்று வருஷம் ஓடிவிடும். ஆசிரியரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? பாஸ் பர்சன்டேஜ் குறைந்தால் கேள்வி அவரிடம்தான் வரும்.

ஆனாலும், இந்தக் கட்டுக்குள்ளேயே ஒரு பீரியடை வேறு மாதிரி திட்டமிட முடியும். அதுக்கு ஸ்மார்ட் போர்டு கூட வேண்டாம்.

ஒரு கடற்பறவை, ஒரு மீன் துண்டு

பத்தாம் வகுப்பு புத்தகத்தில் ஐரிஷ் எழுத்தாளர் லியம் ஓ ஃப்ளாஹர்ட்டியின் 'ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்' கதை இருக்கிறது. பறக்கப் பயந்து பாறை விளிம்பில் தனியாக நிற்கும் ஒரு கடற்பறவைக் குஞ்சு. அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்கள் எல்லாம் பறந்துவிட்டார்கள். இதற்குப் பசி. அம்மா மீன் துண்டோடு பக்கத்தில் வந்து, கொடுக்காமல் அந்தரத்தில் நிற்கிறது.

வழக்கமான வகுப்பு எப்படி இருக்கும்? ஆசிரியர் ஒரு வரி வாசிப்பார், தமிழில் அர்த்தம் சொல்வார். அருஞ்சொல்லுக்குக் கீழே கோடு. கடைசியில் கேள்வி பதில் குறித்துத் தருவார். நான் படித்ததும் இப்படித்தான். தமிழ் பி.ஏ. முடித்து செய்தி டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கிறேன். ஏஜென்சி செய்தியை ஆங்கிலத்தில் படித்துவிடுவேன், போனில் ஆங்கிலம் கேட்டால் இன்னும் வியர்க்கும்.

இப்போ இதையே மாற்றிப் பாருங்க. முதல் பத்து நிமிஷம் புத்தகமே திறக்க வேண்டாம். போர்டில் ஒரு பாறை, விளிம்பில் ஒரு குஞ்சு, கீழே கடல். "இதுக்குப் பறக்கத் தெரியாது, பசிக்குது, அடுத்து என்ன செய்யும்?" இதுதான் கேள்வி. பெஞ்சில் பக்கத்தில் இருப்பவரோடு தமிழிலேயே பேசிக்கொள்ளட்டும். பிறகு ஆளுக்கு ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில். 'இட் வில்' என்ற தொடக்கத்தை ஆசிரியரே போர்டில் எழுதிவிடுவார். மிச்சத்தை மாணவர் முடிக்கணும். 'இட் வில் ஜம்ப்' என்று மூன்றே சொல் வந்தாலும் சரி, அது அவருடைய சொந்த வாக்கியம்.

அடுத்துதான் வாசிப்பு. அம்மா மீனோடு நெருங்கும் இடம் வந்ததும் நிறுத்திவிடணும். முடிவு தெரியாத வகுப்பு அடுத்த பத்தியைத் தானாக வாசிக்கும். கடைசி பத்து நிமிஷத்தில் அம்மா குஞ்சிடம் என்ன சொல்லியிருக்கும் என்று இரண்டு வரி. பரீட்சைக்கான கேள்வி பதில் வீட்டுப்பாடமாகப் போகட்டும். கதை புரிந்தவருக்கு அதை எழுதுவது சுலபம்.

ரோடு மேப்பும் அப்படித்தான். ஒருவர் கண்ணைக் கட்டிவிட்டு, இன்னொருவர் ஆங்கிலத்தில் மட்டும் வழி சொல்லி வகுப்பு வாசல் வரை கூட்டிப்போகணும். இடதை வலது என்று சொன்னால் பெஞ்சில் முட்டிக்கொள்வார்கள். அதன்பிறகு 'லெஃப்ட்' மறக்காது.

நடைமுறையில் இடிக்கிற இடம்

ஒரே வகுப்பில் நாற்பது, ஐம்பது பேர். அதில் கதை எழுதக்கூடியவரும் இருப்பார், ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் திணறுபவரும் இருப்பார். இரண்டாமவருக்காகத்தான் 2025-26 கல்வியாண்டில் 6 முதல் 9ஆம் வகுப்பு வரை தமிழ், ஆங்கிலம், கணிதத்துக்கு 'திறன்' திட்டத்தை அரசு கொண்டுவந்தது. அடிப்படை வாசிப்பு சரியானால் மேலே சொன்ன பாடமெல்லாம் சாத்தியம். அது இல்லாமல் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டவருக்கு 'இட் வில்' கூட மலை.

இன்னொன்று சத்தம். ஐம்பது பேர் ஜோடியாகப் பேசினால் பக்கத்து வகுப்புக்குக் கேட்கும். அமைதியான வகுப்புதான் நல்ல வகுப்பு என்ற எண்ணம் நம்ம ஊரில் இன்னும் பலமாக இருக்கிறது, பெற்றோரிடமும்தான். ஆசிரியர்கள் எழுதி, தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கும் பாடக்குறிப்பில் "மாணவர்கள் பேசும் நேரம்: 10 நிமிடம்" என்று ஒரு வரி இருந்தால், அந்தச் சத்தத்துக்கு யாரும் வந்து காரணம் கேட்க மாட்டார்கள்.